இதுக்கு மேல கருப்பு இல்ல

"ரூம் மாறி வந்துட்டோம் மாப்பிள்ளை," என்றபடி மாமா கதவைச் சாத்தினார். "உள்ள வேற யாரோ இருக்காங்க."

அவன் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். மனைவியின் பெயர்தான். மாமாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனான்.

அவள்தான். நெற்றியோரத்து அம்மைத் தழும்பு இருந்தது. நேற்று அவன் எடுத்துக்கொடுத்த பச்சை உடுப்புதான். ஆனால் முகம் கோதுமை நிறத்தில் இருந்தது. கழுத்துக்கும் கைகளுக்கும்கூட அதே பூச்சு. முந்தாநாள் வேலைக்கு நடுவில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

அவன் அம்மா பின்னாலேயே வந்தாள். சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன களையா இருக்கா பாரு," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "கருவாச்சி கருவாச்சின்னு வாய் ஓயாம கூப்பிடுவேன். போறப்ப என் வாயை அடைச்சிட்டுப் போறா."

அம்மா வாங்கித் தந்த முகக் க்ரீம்கள் எல்லாம் உறை பிரிக்காமல் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவள் பவுடர்கூடப் போட்டதில்லை. போட்டால் சாம்பலில் புரண்ட பூனை மாதிரி இருக்கிறது என்பாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. கையை நீட்டியவர்கள் அவளைக் கண்டதும் மடக்கிக்கொள்வார்கள். வேற யாரும் இல்லையா என்பார்கள். குரங்கையெல்லாம் யார் உள்ளே விட்டது என்று ஒரு கிழவன் சத்தமாகக் கேட்டான். "குரங்குதான் சார், ஆனா ஒரே குத்துல நரம்பைப் பிடிக்கிற குரங்கு. அடுத்து வர்ற பொண்ணு நாலு குத்து குத்துவா. எது வசதி?" என்று கேட்டாளாம். வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்புறம் குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் விழும் சத்தமும் இல்லை.

ஒப்பனை செய்த பெண்ணைக் கூப்பிட்டான்.

"இதைத் துடைச்சிடுங்க."

"பிடிக்கலையா சார்?" அவள் பவுடர் டப்பாக்கள் வரிசையாக இருந்த தட்டைக் காட்டினாள். "இருக்கறதுல கடைசி டப்பா அது. இதுக்கு மேல கருப்பு நாங்க வெக்கறதில்ல. உங்க ஊர் ஆளுங்க யாரும் கேட்டதில்ல சார். இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்க முடியுமான்னுதான் கேப்பாங்க."

"அதானே," என்றாள் அம்மா.

"துடைங்க."

"துடைச்சா அடியில அவங்க நெறம் இருக்காது சார். எல்லாம் மாறியிருக்கும்."

அம்மா அவன் முழங்கையைத் தொட்டாள். "விடு தம்பி. அவ கூட வேலை செஞ்சவங்க எல்லாம் வர்ற நேரம். இருந்தப்ப கண்டவன் கண்டதைச் சொன்னான். இப்பவாச்சும் ஒருத்தனும் ஒண்ணும் சொல்லாம பாத்துட்டுப் போகட்டுமே."

"யாரைம்மா பாத்துட்டுப் போகட்டும்?"

அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

பஞ்சை நனைத்து அவனே துடைத்தான். ஒரு கன்னத்தின் பூச்சு முழுக்க வந்துவிட்டது. அடியில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், அங்கங்கே திட்டுத்திட்டாக. அந்தப் பெண் சொன்னது சரிதான். அவன் கை நின்றுவிட்டது.

"கண் மை, புருவ மையெல்லாம் இருக்கு. கலந்து பாக்கறேன்," என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "எந்த நெறம்னு காட்டணும்."

போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வெளிச்சத்துக்கு ஒரு நிறமாக இருந்தாள். கண்ணை மூடினால் தெரிந்தது, சொல்லத் தெரியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான்.

"நீங்க வெளுப்பு சார்."

வெளியே மாமா உட்காரவைத்த இடத்திலேயே இருந்தார்.

"ரூம் அதுதான் மாமா. பவுடர் தப்பாப் போட்டுட்டாங்க. நெறம் பாக்க உங்க கை வேணும்."

மாமா எழுந்து வந்தார். மகளின் துடைத்த கன்னத்தைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றி, அவள் முகத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினார்.

அந்தப் பெண் டப்பா மூடியில் கலந்தாள். மாமாவின் கையில் ஒரு கோடு போட்டாள். கோடு பளிச்சென்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மை சேர்த்து அதன் கீழே இன்னொன்று.

வெளியே செருப்புச் சத்தங்கள். யாரோ தாழ்ந்த குரலில் எந்தக் கதவு என்று கேட்டார்கள். அம்மா போய்க் கதவை உள்ளே தாழிட்டாள். திரும்பி வந்து மேஜை விளக்கைத் தூக்கி மாமாவின் கைக்கு நேராகப் பிடித்தாள். குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் கருப்பு," என்றாள்.

அந்தப் பெண் கலந்தாள்.

"கை வலிக்குதா சம்பந்தி?"

"இல்ல."

கதவை ஒருமுறை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது கோட்டைப் போட்டதும் எல்லோரும் குனிந்தார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்தப் பெண் தூரிகையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். மாமா கையை எடுக்கவில்லை. பெட்டிக்கு எதிர்ப்பக்கம் அவருடைய கோட்டோடு நின்றிருந்தவன், சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டான்.