மேல்நோக்கித் திறக்கும் கதவு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. வெளிச்சுவரில் இருக்கும் மின்சார மீட்டர் பெட்டியைத் திறந்தேன். கதவு கையோடு வந்துவிட்டது. துரு. அதைப் பிடித்துக்கொண்டு நின்றதை மகள் பார்த்துவிட்டாள்.

"இது இப்படி இத்துப்போனதுகூட உங்களுக்குத் தெரியல. தனியா இருந்தது போதும்ப்பா. எங்க வீட்டோட வந்துடுங்க."

"கதவை நானே போடுறேன். ரீடிங் எடுக்க வர்றவர் குறை சொல்லாம போனா, நீ இந்தப் பேச்சை விட்டுடணும்."

"சொன்னா?"

"மூட்டையைக் கட்டுறேன்."

2

கதை என்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் போலிருக்கிறது என்று, 'இடி முழங்கிய அந்த மாலையில் முதியவர் ஒருவர்' என எழுதிப் பார்த்தேன். பொய். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. (மழை பிறகு வரும். நான் வரவழைத்தது இல்லை, அதுவாக வந்தது.)

3

மருமகனை வில்லனாக்கினால் கதைக்கு வசதி. பெட்டியையே மாற்றிவிடலாம் என்றார். கடையில் விற்கும் கதவு எதுவும் இந்தப் பழைய பெட்டிக்குச் சேராது என்றார். நம்பாமல் நானே கடைக்குப் போனேன். சேரவில்லை. சரியாகச் சொன்ன ஆளை எப்படி வில்லனாக்குவது?

ஆனால் அவர் வாங்கிக் கொடுத்துச் சீக்கிரமே படுத்துவிட்ட வாஷிங் மெஷின் பின்பக்கம் கிடந்தது. அதன் தகட்டை வெட்டினேன்.

"மாமா, அது நான் வாங்கிக் குடுத்ததாச்சே."

"ஆமா மாப்பிள்ளை. இப்பதான் உருப்படியா ஒரு வேலைக்குப் போகுது."

சிரித்துக்கொண்டே மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். [எழுத எழுத நல்லவராகிக்கொண்டே போகிறார். இத்தோடு நிறுத்துகிறேன்.]

4

'கதவு கச்சிதமாகப் பொருந்த, அவர் கண்களில்'

விடுங்கள். கதவு பாதிதான் திறந்தது. பழைய கீல் இருந்த பக்கம் உதிர்ந்து போயிருந்ததால் புதுக் கீலை எதிர்ப்பக்கம் முடுக்கினேன். அங்கே மழைத்தண்ணீர்க் குழாய் இறங்குவதை மறந்துவிட்டேன். மிச்சம் இருந்தது மேல்விளிம்புதான். கீலைக் கழற்றி அங்கே மாட்டி, தூக்கினால் நிற்க ஒரு முட்டுக்கம்பியும் வைத்தேன். (மீட்டரையும் ஒயரையும் தொடவில்லை. அந்த அளவுக்கு எனக்கு என்மேலேயே நம்பிக்கை கிடையாது.)

"என்னப்பா, பெட்டிக்கடை திறக்கப் போறீங்களா?" என்றாள் மகள்.

5

ரீடிங் எடுக்க வந்தவர் கதவைத் தூக்கி முட்டுக் கொடுத்ததும் மழை கொட்டியது. அவர் ஓடவில்லை. தலையும் கைக்கருவியும் கதவுக்கு அடியில் நனையாமல் இருந்தன. என்ன ஆகிறதென்று பார்க்க வந்திருந்த மகள் ஜன்னலில் நின்றாள்.

நான் கேட்டேன்: "குறை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"குறையா? இந்தத் தெருவுல நனையாம நான் ரீடிங் எடுத்த வீடு இது ஒண்ணுதாங்க. எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையில கிடைக்காது," என்றேன், ஜன்னலுக்கும் கேட்கும்படி.

6

முடிவாக, 'மகள் கண் கலங்கினாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். 'நீங்க ஜெயிச்சுட்டீங்கப்பா என்றாள்' என்பதையும் அடித்தேன். அவள் என் மகள், சொல்ல மாட்டாள்.

நடந்தது இதுதான். குடையோடு வெளியே போய்க் கதவைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடியும் தூக்கினாள். பிறகு அங்கிருந்தே சொன்னாள்: "எங்க வீட்டுப் பெட்டிக் கதவும் ஆடுதுப்பா. ஒருநாள் வந்து சரி பண்ணிட்டுப் போங்க."

போங்க என்றாள். என் காதால் கேட்டேன்.

அந்தக் கதவு நிஜமாகவே ஆடுகிறதா, என்னை வரவழைத்து அங்கேயே உட்கார வைக்கிற வேலையா, எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியது போக மிச்சத் தகடு என் கையில் இருக்கிறது.