துண்டுக்குள் மடங்கிய ரெண்டு விரல்

லிங்கசாமி தன் வாழ்க்கையில் பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டது போலியோ சொட்டு மருந்து ஒன்றுதான். அதுவும் அப்போது அவருக்குப் பேச்சு வராததால்தான் என்பார் அவர் சம்சாரம் இந்துமதி. வெள்ளகோவில் பக்கம் மாட்டுத் தரகர் குடும்பம். அந்தத் தொழிலில் விலையை வாயால் சொல்வது கேவலம். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே எத்தனை விரல் பிடிபடுகிறதோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும்.

மாடு போய் பனியன் வந்த பிறகும் லிங்கசாமி துண்டை விடவில்லை. திருப்பூர் மங்கலம் ரோட்டில் காலண்டரிங் பட்டறை போட்டார். சாயம் ஏறிக் கசங்கி வரும் பனியன் துணியை, நீராவியில் கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு, இஸ்திரி போட்டதுபோல எடுத்துக் கொடுக்கிற வேலை. மெஷினைப் பழைய மெஷின் வியாபாரி சாமியப்பனிடம் வாங்கினார். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருந்தது. கை பட்டால் மெஷின் அந்த நொடியே நின்றுவிடும்.

"இந்தக் கம்பி துணிக்கு என்னங்க பண்ணும்?" என்று கேட்டார் லிங்கசாமி.

"துணிக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. கைக்குத்தானுங்க அது."

"அப்பக் கழட்டிருங்க. நான் துணிதான தேய்க்கப் போறேன்? கையவா தேய்க்கப் போறேன்?"

துண்டு விழுந்தது. உள்ளே சாமியப்பன் நீட்டிய விரல்களில் இரண்டை லிங்கசாமி மடக்கினார். கம்பி சாமியப்பன் குடோன் மூலைக்குப் போனது, மெஷின் மங்கலம் ரோட்டுக்கு வந்தது. கம்பி இல்லாமல் ஓட மாட்டேன் என்று அது அடம்பிடித்தபோது, ஃபிட்டர் இசக்கிமுத்து இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கிவிட்டான். கம்பி இருப்பதாக மெஷின் நம்பிக்கொண்டது. இந்தச் சாமர்த்தியத்தை லிங்கசாமி பேக்கரியில் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்லுவார், கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஊருக்குப் போய் அங்கேயே தங்கிவிட, ஆஷா வந்தாள். நாசரேத் பக்கத்துக்காரி. இரண்டு பட்டறைகளில் இதே மெஷினை ஓட்டியவள். அவள் கை துணியில் பட்டால் மடிப்பு பயந்து ஓடும் என்று பேர். அன்றைக்கு அப்படி ஒரு கைதான் லிங்கசாமிக்கு வேண்டியிருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ரித்தீஷ், ஒரு லாட் துணி முழுக்க சாயந்திரத்துக்குள் கட்டிங்குக்கு வந்தாக வேண்டும், வராவிட்டால் இனி அந்தக் கம்பெனி வேலையே கிடையாது என்று காலையிலேயே போனில் சொல்லியிருந்தான்.

ஆஷா டிபன் டப்பாவைக் கீழே வைக்காமலே மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முறுக்கிய ஒயருக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, இங்க இருந்த கம்பி எங்க?"

"அது கெடக்குது அம்மிணி. நீ ஸ்டீமைத் தொறந்துவுடு."

"கம்பி வரட்டும், தொறக்கேன்."

லிங்கசாமிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். யாரோ விலை சொல்கிறார்கள், இனி இறக்க வேண்டியதுதான்.

"கவனமா ஓட்டுனா கம்பி எதுக்குங்கறேன்? நீ கெட்டிக்காரின்னுதானே கூட்டியாந்தேன்?"

"கெட்டிக்காரிக்குத்தான் அண்ணாச்சி ஆபத்து. வேலை தெரியாதவ உருளையப் பாத்தா தள்ளி நிப்பா. எனக்கு ஒரு மடிப்பக் கண்டாப் போதும், நான் நினைக்குறதுக்கு முந்தி கை தானா உள்ள போயிரும். போன பட்டறையில வெள்ளையம்மாக்காவுக்கு அப்படித்தான் கை போச்சு. என்னைவிடக் கெட்டிக்காரி. கடைசில பேப்பர்ல என்ன எழுதுனாங்க தெரியுமா? கவனக்குறைவாம். கம்பியக் கழட்டுனவன் கவனத்தப் பத்தி ஒருத்தரும் எழுதல."

பட்டறையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். லிங்கசாமி குரலைக் குழைத்தார்.

"செரி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டு. நாளைக்குக் கம்பி வந்துரும்."

"நாளைக்கே ஓட்டுதேன்."

"அட, மெதுவா ஓட்டு கண்ணு. பாதி வேகத்துல ஓட்டு."

"பாதி வேகத்துல போனா பாதி விரலோட விட்டுருமா?"

இசக்கிமுத்து சிரித்துவிட்டு, முதலாளி முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான். ஆஷா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்ணே, அந்தக் கம்பியக் கழிச்சு அண்ணாச்சி எவ்வளவு கொறச்சாவளாம்?"

ஊருக்கே தெரிந்த கதைதானே. "துண்டுக்குள்ள ரெண்டு விரல மடக்குனாவ," என்றான் அவன்.

"யார் விரல?" என்றாள் ஆஷா.

மடக்கப்பட்ட வியாபாரி செய்வதை லிங்கசாமி செய்தார், விறைத்துக்கொண்டார். "அப்ப உன் இஷ்டம் அம்மிணி. திருப்பூர்ல ஆளா இல்ல?"

"வாரேன் அண்ணாச்சி," என்று ஆஷா டிபன் டப்பாவோடு நடந்தாள்.

லிங்கசாமி பதறவில்லை. சந்தையில் இதை எத்தனை தடவை பார்த்திருப்பார். விலை படியாமல் போகிறவன் நிஜமாகப் போவதில்லை. பத்தடி போவான், செருப்பைச் சரிசெய்வான், ஓரக்கண்ணால் பார்ப்பான். கூப்பிடுகிறார்களா என்று காது பின்னாலேயே இருக்கும். திரும்பிப் பார்த்தவனிடம் இன்னும் இறக்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் லிங்கசாமி நிதானமாக வாசலில் சாய்ந்துகொண்டு, அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தார்.

ஆஷா மூட்டைகளைத் தாண்டினாள். கேட்டைத் தாண்டினாள். ரோட்டில் இறங்கி, மினி பஸ் வருகிறதா என்று எதிர்ப்பக்கம் பார்த்தாள். பட்டறைப் பக்கம் ஒரு பார்வை இல்லை. வேலை கையைவிட்டுப் போகிறது, வாடகை வீடு, சொந்த ஊர் தூரம். இருந்தும் கழுத்து ஒரு இம்மி திரும்பவில்லை.

லிங்கசாமி வாசலில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். இப்படி நடந்த ஆளை அவர் சந்தையிலேயே பார்த்ததில்லை. இதற்குக் கீழே விலையே கிடையாது என்று அந்த முதுகு சொல்லிற்று. பொய்யாக விலை சொல்கிறவனை ஒரு மைல் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவருக்கு, உண்மை விலையைக் கண்டுபிடிக்கவா தெரியாது? மாட்டுச் சந்தையில் இப்படி ஒரு தரகர் இருந்திருந்தால் அவர் அப்பனே கும்பிட்டிருப்பார்.

"அம்மிணி!" என்று ரோட்டுக்கே ஓடினார். "டப்பாவக் கீழ வெச்சுட்டு உட்காரு. கம்பியோட வர்றேன்."

சாமியப்பன் குடோனில் கம்பி இன்னும் மூலையில் கிடந்தது. தேவைப்பட்டு வருகிறவனின் வாசனை வியாபாரிக்குத் தெரியாதா? கழித்ததைப்போல ஒன்றரை மடங்கு கேட்டார், துண்டை எதிர்பார்த்துக் கையையும் நீட்டினார். லிங்கசாமி பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கம்பியைத் தோளில் வைத்தார். சாமியப்பன் மிரண்டுபோனார்.

"ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒடம்பு முழுசா இருக்கோணும்னுதானுங்க வந்தேன்."

இசக்கிமுத்து ஒயரின் முறுக்கைப் பிரித்துக் கம்பியைப் பூட்ட மத்தியானம் தாண்டிவிட்டது. ஓட்டிப் பார்க்கும்போது ஆஷா, "நீங்களே தொடுங்க அண்ணாச்சி," என்றாள். சூடான உருளைக்கு முன்னால் அவர் முதல்முறையாகத் தன் கையை நீட்டினார். கம்பியில் விரல் பட்டதும் மெஷின் சட்டென்று நின்றது. உருளைக்கும் விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

பிறகு ஆஷா வேலையை ஆரம்பித்தாள். அது ஓர் அழகு. கசங்கிய துணி அவள் விரல்களுக்கு நடுவே ஓடி, கோணல் நிமிர்ந்து, ஒரு சுருக்கமில்லாமல் உருளைக்குள் போயிற்று. தரகர் மாட்டின் முதுகைத் தடவுவதுபோல ஒரு லேசான தடவல்தான். துணி சொன்னபடி கேட்டது. லிங்கசாமி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

சாயந்திரம் ரித்தீஷ் போன் செய்தான். "அண்ணா, லாட் முழுசும் ஏத்தியாச்சுங்களா?"

"முக்காவாசி வருது. மிச்சம் காலைல."

"அண்ணா, ராத்திரிக்குள்ளயாச்சும்..."

"காலைல கண்ணு."

"அண்ணா, எனக்காக ஒரு ரெண்டு மணி நேரம்..."

அப்போதுதான் மெஷின் நின்றது.

எவரும் கத்தவில்லை. துணியில் தையல் போட்டு இணைத்த இடம் ஒன்று வந்திருக்கிறது, பக்கத்தில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது, ஆஷாவின் கை போயிருக்கிறது. மணிக்கட்டு கம்பியில் முட்டி நிற்க, விரல் நுனிக்கு முன்னால் உருளை அசையாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி," என்றாள். "கவனமாத்தான் இருந்தேன்."

போனில் ரித்தீஷ் கத்திக்கொண்டிருந்தான். "என்னண்ணா, மெஷின் சத்தமே காணோம்? நிறுத்திப்போட்டீங்களா?"

"ஆமா கண்ணு. நின்னுது. நல்லவேளையா நின்னுது."

"அப்ப ராத்திரிக்கு?"

"காலைலதான்னு சொன்னேன்ல. வேலைய வேற எடத்துக்குக் குடுக்கறதுன்னா குடுத்துக்கோ."

லிங்கசாமி மெஷின் பக்கமே பார்த்தபடி நின்றார்.

"செரிங்ணா," என்றான் ரித்தீஷ் கடைசியில். "காலைல ஏழு மணிக்கு வண்டி அனுப்பறேன்."

ஆஷா மடிப்பைப் பிரித்து நீவிவிட்டு, மெஷினை மறுபடியும் ஓட்டினாள். லிங்கசாமி ஸ்டூலை உருளையைவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.