நான் மாட்டிய சென்சார்

அக்காவுக்கு அந்த வீட்டை விட்டுப் போக ஒரே ஒரு நாள் தேவைப்பட்டது. அந்த ஒரு நாளை இருபதே நிமிடத்தில் நான் கெடுத்துவிட்டு வந்தேன். கெட்டிக்காரி என்று பெயர் வேறு வாங்கிக்கொண்டு.

விளக்கு, ஏசி, கதவு, தண்ணீர் மோட்டார் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரே சர்வரில் இணைத்துக் கொடுப்பது என் தொழில். அக்கா வீடுதான் நான் முடித்த முதல் வீடு. அத்தான் நம்பிக் கொடுத்தார், நாலு பேரிடம் சொல்லியும் விட்டார். புதிதாக யார் கேட்டு வந்தாலும் அங்கேதான் அழைத்துப்போய்க் காட்டுவேன், வாயைப் பிளப்பார்கள். அத்தான் கேட்டபடி ஒவ்வொரு கதவுக்கும், சுவர் அலமாரிக் கதவுக்குக்கூட, ஒரு சென்சார், மேலே பொடிக் கேமரா. கதவு திறந்தால் நேரமும் போட்டோவும் லாக் என்கிற பதிவேட்டில் ஏறும். வாசல், பின்கதவு, கேட் இந்த மூன்றும் திறந்தால் மட்டும் கூடவே அத்தான் போனுக்குச் செய்தி போகும். அவர் அலுவலகம் பத்து நிமிட தூரம்தான்.

ஒருமுறை அக்கா முனைக்கடைக்கு சோப்பு வாங்கப் போனாளாம். மீதிச் சில்லறை கைக்கு வருவதற்குள் அத்தானின் கார் பின்னால் வந்து நின்றுவிட்டதாம். இதை அவள் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"உம்மேல அவருக்கு அவ்ளோ உயிருக்கா!"

அவள் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது?

வழக்கமாகப் பத்து நாளைக்கு மேற்பட்ட லாக்கை சர்வரே அழித்துவிடும்படி வைப்பேன். அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. எதுவும் அழியக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். சாப்பாட்டு மேசையில்தான் இந்தப் பேச்சு நடந்தது.

"சர்வர்ல இருக்கற மெமரி கார்டு ரொம்பிடும் அத்தான். இப்ப போற வேகத்துக்குப் பத்து வருஷம் தாங்கும்."

அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "ரொம்பினா என்னடி ஆகும்?"

"எழுத எடமில்லாம சர்வர் அப்படியே உக்காந்துடும். அப்புறம் எந்தக் கதவத் தெறந்தாலும் யாருக்கும் தெரியாது."

"எத்தன போட்டோ புடிக்கும்?"

"எண்பதாயிரம்."

"அம்மாடி, அவ்ளோவா!" என்றபடி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை ஏழரைக்கு அத்தான் போன் செய்தார். என்னை என்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ஜினியரம்மா, நீ கட்டுன வீடு செத்துப் போச்சு. ஏசி நிக்க மாட்டேங்குது, லைட்டு எரிய மாட்டேங்குது. பதினொன்னரைக்கு எனக்கு ரயில். மூணு நாள் வேலை, சரியானாலும் ஆகலைன்னாலும் போயே ஆகணும். ஓடி வா."

ஓடினேன். கதவைத் திறந்தது அக்கா, மஞ்சள் உடையில். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. பாத்திரம் தேய்க்கிற கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிடுடி. நாளைக்கு வந்து பண்ணிக்கோ."

"ஏன், எனக்கு வேல தெரியாதா?"

"தெரியும். அதான் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் அக்காவே என்னை மட்டம் தட்டுகிறாளே என்று கையை உதறிவிட்டு உள்ளே போனேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து சர்வரோடு இணைத்தேன். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கார்டு நிரம்பி வழிகிறது. பத்து வருடம் தாங்க வேண்டியது எட்டு மாதத்தில் எப்படித் தீரும்? எந்தக் கதவு எவ்வளவு எழுதியிருக்கிறது என்று வரிசைப்படுத்தினேன். வாசல் கதவு தொள்ளாயிரம். சமையலறைக் கதவு நாலாயிரம். நடைக்கூடத்துச் சுவர் அலமாரி எழுபத்துநாலாயிரம்.

"அடேங்கப்பா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நகை, பத்திரம், அக்காவின் துணிமணி எல்லாம் அந்த அலமாரியில்தான். "என்னவாம்?" என்றார்.

"அலமாரி சென்சார் கெட்டுப் போச்சு போல. சும்மா சும்மா அடிச்சுத் தள்ளியிருக்கு. கழட்டிப் போட்டா முடிஞ்சுது."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் அவசரமாக வந்தது. "ஆமாமா, அது ரொம்ப நாளா லொடலொடன்னு ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு."

அதோடு விட்டிருந்தால் போதும். புதுக் கார்டு வேண்டும், நாளைக்கு வாங்கி வருகிறேன் என்று எழுந்திருந்தால் அவர் ரயிலேறியிருப்பார். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

அத்தான் சிரித்தார். "பத்து வருஷம் ஒழைக்கும்னு பீத்திக்கிட்ட? ஒரு வருஷங்கூடத் தாங்கல. மட்டமான சரக்க என் தலைல கட்டிட்டு, நானும் ஒன்னப் பத்தி ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியறேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் சென்சாரா மட்டம்? இருங்க அத்தான், காட்டறேன்."

அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "விடுடி, பழசாயிருக்கும். எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"நீ சும்மா இருக்கா! ஒனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?"

போட்டோக்களைத் திறந்தேன். முதல் போட்டோவில் அக்கா அலமாரியைத் திறக்கிறாள். அடுத்ததிலும் அக்கா. அதற்கடுத்ததிலும். பச்சை உடையில், நீல உடையில், தலைக்குக் குளித்த கூந்தலோடு. ஒன்றில் காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறாள், கை மட்டும் கைப்பிடியில். எதிலும் அவள் உள்ளேயிருந்து எதையும் எடுக்கவில்லை. உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருக்கிறது.

நான் வெற்றிக் களிப்பில் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன். "பாத்தீங்களா? ஒவ்வொரு தடவையும் ஆள் நிக்கிறாங்க. சென்சார் பக்காவா வேல..."

அங்கே எனக்குப் புரிந்துவிட்டது. புரிய வேண்டிய ஆளுக்கும் புரிந்துவிட்டது.

அத்தான் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாள்வாரியாக் காட்டு" என்றார். காட்டினேன். எல்லாம் அவர் அலுவலகத்தில் இருக்கிற நேரம். முதலில் நாளைக்கு இருநூற்றெண்பது, முந்நூறு. கடைசி ஒரு வாரம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

"ஆரம்பிச்சது நாம இங்க ஒக்காந்து பேசுன மறுநாள்," என்றார் நிதானமாக. "ஆயிரமானது நான் ரயில் டிக்கெட் எடுத்த அன்னைக்கு. நான் கெளம்ப மூணு மணி நேரம் இருக்கறப்பவே ரொம்பிடுச்சு, பாவம்."

அவர் கத்தவில்லை. கத்துகிற ஆளே இல்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"கை வலிக்கலையா?"

"வலிச்சுது," என்றாள் அக்கா.

அவர் போனை எடுத்து, வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது, வர முடியாது என்று யாரிடமோ சொன்னார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"நல்லவேள நீ வந்த. இனிமே ரொம்பாத மாதிரி பண்ணிடு. அலமாரி தெறந்தா எனக்குச் செய்தி வரணும், எல்லா ரூம்லயும் மணி அடிக்கணும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்திருக்கலாம், அந்தக் கதவில் பூட்டுகூட இல்லை. நான் நடக்கவில்லை. பயந்தேன். என் வாடிக்கையாளர் பாதிப் பேர் அவர் அனுப்பியவர்கள், அதையும் நினைத்தேன். பழையதை அழித்தேன், சர்வரை எழுப்பினேன், மணியை இணைத்தேன். என் விரல் ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை, தூ!

"தெறந்து காட்டு," என்றார் அத்தான். என்னிடம் இல்லை, அவளிடம்.

அக்கா நடந்து போய் அலமாரியைத் திறந்தாள். எல்லா அறையிலும் மணி அடித்தது. மூடினாள்.

"வேல செய்யுது," என்றேன் பழக்க தோஷத்தில்.

வாசல்வரை வந்தவள் அக்காதான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "ஒங்கிட்ட விட்டு விட்டுக் கேட்டுத்தாண்டி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்," என்றாள். "நேரா ஒங்கிட்டயே ஒதவி கேட்டிருக்கணும்." கதவை மூடிக்கொண்டாள்.

பதினேழு நாள் ஆகிறது. இத்தனை மாதம் எட்டிப் பார்க்காத லாக்கை இப்போது தினமும் என் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். சமையலறைக் கதவு திறக்கிறது, மறுபடி திறக்கிறது. அலமாரிக் கதவுக்கு நேரே கடைசி வரி அன்று காலை அவள் திறந்து காட்டியதுதான். சமையலறைப் போட்டோக்களில் பதினேழு நாளும் அக்கா உடம்பில் அன்றைக்கு உடுத்தியிருந்த அதே மஞ்சள் உடை. மாற்றுத் துணியெல்லாம் அந்த அலமாரிக்குள்.

நேற்று அத்தான் போன் செய்தார். குரலில் சிரிப்பு.

"என்ஜினியரம்மா, அலமாரிலேர்ந்து ஒரு செய்தியும் வரக் காணோமே. ஒன் சென்சார் கெட்டுப் போச்சா?"

"இல்ல அத்தான்," என்றேன். "அது நல்லாத்தான் இருக்கு."