பெயர் அல்லது கடவுச்சொல் தவறு

அந்த அலுவலகத்தில் யார் கணினியைத் திறந்தாலும் பெயரும் கடவுச்சொல்லும் முதலில் அவனுடைய சர்வருக்குத்தான் வரும். உள்ளே விடலாமா கூடாதா என்று அது முடிவு செய்யும். கூடாதென்றால் திரையில் ஒரு வரி காட்டும். அந்த வரியை எழுதுவது அவன் வேலை.

அவன் மனைவி அங்கேயே கொள்முதல் பிரிவில் இருந்தாள். அவள் இறந்த பிறகும் தினமும் காலையில் அவள் பெயர் சர்வரின் பதிவில் வந்து விழுந்தது. பக்கத்தில், 'அனுமதிக்கப்பட்டது'. ஆஸ்பத்திரியில் படுத்தபோது, வேலை நின்றுவிடக் கூடாதே என்று பக்கத்து நாற்காலி அக்காவிடம் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள். அக்கா அதிலேயே காலத்தை ஓட்டினாள். அவனுக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருந்தான். காலையில் அவள் பெயர் வந்து விழுந்த பிறகுதான் அவனுக்கு மற்ற வேலை ஓடும்.

ஒருநாள் அது மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏம்பா, இருக்கிறவன் எல்லாம் லேட்டு. செத்தவங்க மட்டும் டைமுக்கு வர்றாங்களா?" யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காத. அவங்க கணக்க இன்னிக்கே மூடிடு."

மூடினான். நிராகரிப்பு வரியில், அந்த ஒரு பெயருக்கு மட்டும், 'இவர் இறந்துவிட்டார்' என்று எழுதினான்.

மறுநாள் காலையிலேயே அக்கா அவன் மேசைக்கு வந்தாள்.

"என்ன தம்பி இப்படிப் போட்டு வெச்சிருக்க?"

"பொய்யா எழுதியிருக்கேன்?"

"பொய்னு யாரு சொன்னா? என் பேர்ல போனா பாதி ஃபைல் திறக்க மாட்டேங்குது. அவ பேர்ல போனா எல்லாம் திறக்கும்."

"அதுக்குத்தானா தினமும் அவ பேர்ல வந்தீங்க?"

"வேற எதுக்கு?"

அக்காவுக்குப் பின்னாலேயே மேலாளர் வந்தார்.

"காரணம் சொல்லக் கூடாதுப்பா. அப்படி ஒரு ஆள் இருக்காங்களா இல்லையான்னே வெளியாளுக்குத் தெரியக் கூடாது. இல்லாத பேர அடிச்சா என்ன வருமோ, அதையே போடு. நீ எழுதின விதிதானே?"

அவன் எழுதிய விதிதான்.

மாற்றினான். மாற்றியதைச் சோதிக்க வேண்டும். முதலில் வாய்க்கு வந்த ஏதோ ஒரு பெயரை, யாருக்கும் இல்லாத பெயரை, அடித்தான். 'பெயர் அல்லது கடவுச்சொல் தவறு.' பிறகு அவள் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தான். அதே வரி.

எழுத்தெழுத்தாகப் பார்த்து இன்னொரு முறை அடித்தான். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அதே வரி.

மேலாளருக்குச் செய்தி அனுப்பினான்: 'சோதித்துவிட்டேன். சரியாக வேலை செய்கிறது.'