அரை நாள் வேலை

புக்கிட் ரோத்தான் சாலை முனையில் திருச்செல்வத்தின் முகம் ஆளுயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பாசீர் பெனாம்பாங் இறால் கொட்டகையில் வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பிரமிளா, பச்சை விளக்கு விழுந்தும் நகராமல் அந்தப் பதாகையைப் பார்த்தபடி நின்றாள். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை, நெற்றி நிறையத் திருநீறு. பின்னால் எங்கிருந்தோ ஒரு பனிமலையை எடுத்து ஒட்டியிருந்தார்கள். உலக வர்த்தக அமைப்பிடம் சிறுதோட்டக்காரர்களுக்காக நீதி கேட்க ஜெனீவா செல்லும் எங்கள் அண்ணன் என்று எழுதியிருந்தது. நீதி என்ற சொல் சரியாக அண்ணனின் மோவாய்க்குக் கீழே வந்திருந்தது. பின்னால் நின்ற லோரிக்காரன் ஹாரன் அடித்தான். திரும்பி அவனை ஒரு முறை முறைத்தாள். பாவம், அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீடு போய்ச் சேரும்வரை அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு சுகமும் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களாக அதை வைத்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

திருச்செல்வம் அவளுக்குச் செய்ததைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. தோட்டத்தை விற்று ஆட்களை வெளியே அனுப்பியபோது கிடைத்த நஷ்ட ஈட்டில், கடலோரமாகத் துண்டு நிலம் வாங்கி எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட குடும்பங்கள் கொஞ்சம் பேர் அங்கே உண்டு. பிரமிளாவின் கணவர் சிவானந்தத்தின் குடும்பமும் அவர்களில் ஒன்று. எல்லோர் நிலத்துத் தண்ணீரும் ஒரே வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போகும். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு. கடல் வற்றும்போது திறந்துகொள்ளும், ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும். அந்தக் கதவு துருப்பிடித்து விழுந்தபோது, நம் தோட்டக்காரர் சங்கத்துக்கு எதற்குச் செலவு, நானே போட்டுத் தருகிறேன் என்று திருச்செல்வம் முன்வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பிரமிளாவும் தட்டினாள். புதுக் கதவு வந்தது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. உள்ளே தள்ளி, திருச்செல்வத்தின் நிலம் தொடங்குகிற இடத்தில் வந்தது. அங்கே வைத்தால் கதவின் மேலேயே ஒரு பாலத்தையும் கட்டிக்கொள்ளலாம், அவருடைய லோரிகள் சுற்றாமல் நேரே ரோட்டில் ஏறலாம். கதவுக்கு உள்ளே அவர் நிலமும் மற்றவர்கள் நிலமும் பத்திரமாக இருந்தன. வெளியே, கடல் பக்கம், பிரமிளாவின் நிலம் மட்டும் நின்றது. கடல் பெரிதாக ஏறிய போதெல்லாம் உப்புத் தண்ணீர் அவளுடைய செம்பனைகளின் வேரைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது. குருத்து பழுத்தது, ஓலை தொங்கியது, காய்ப்பு நின்றது. சிவானந்தம் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலைக்குப் போனார். அவள் இறால் உரிக்கப் போனாள்.

முறையிடாமல் இல்லை. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் யூனியன் தேர்தல் வந்து, அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் இருந்துகொண்டே முகம் பாராமல் போனதைக் கண்டவர்கள் தொடங்கிய சங்கம் அது. ஓட்டெடுப்பு என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். ஒருவர் கை தூக்கி ஆட்சேபித்தாலும் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். வழக்குகளுக்கு மட்டும் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு, அதற்கு மேல் மூன்று பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழு. விசாரணைக் குழு வந்து வாய்க்காலைப் பார்த்தது, காய்ந்த மரங்களைப் பார்த்தது, கதவைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. திருச்செல்வம் கோபப்படவில்லை. மேல்முறையீடு செய்கிறேன் என்றார். மேல்முறையீட்டுக் குழு முடிவு சொல்லும்வரை முதல் தீர்ப்பு நடப்புக்கு வராது. அந்தக் குழுவிலோ ஆளே இல்லை. ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் ராசா ஊரிலிருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார், இன்னொருவருக்குத் தவணை முடிந்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் செயலாளர் லெட்சுமி டீச்சர் புதிதாக மூன்று பெயர்களைப் படிப்பார். ஒவ்வொரு தடவையும் திருச்செல்வம் கையைத் தூக்குவார். பந்தியில் இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்கிற பணிவோடு, "எனக்கு ஆட்சேபம் இருக்கு டீச்சர். காரணத்தப் பெறகு சொல்றேன்," என்பார். பிறகு என்பது வரவே இல்லை. மேல்முறையீட்டுக் குழுவுக்கென்று டீச்சர் விடாப்பிடியாகப் போட்டுவைத்த மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாளடைவில் ஆட்கள் ஹெல்மெட்டையும் பையையும் வைக்கத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்கப் பிரமிளாவுக்கு அந்த வாக்கியம் பாடமாகிவிட்டது. இறால் உரிக்கும்போது அதைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒவ்வொரு தலையைத் திருகும்போதும் ஒரு தடவை.

இப்படியிருக்கும்போதுதான் சரண் வந்தான். சிறுதோட்டக்காரர்களுக்காக வேலை செய்கிற ஓர் அமைப்பின் இளைஞன். ஐரோப்பாக்காரன் இனி ஒவ்வொரு குலையும் எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்கப்போகிறான், காட்டை அழித்த இடமா என்று பார்க்கப்போகிறான் என்று விளக்கினான். அப்படியானால் நாம் எங்கே போய் முறையிடுவது என்று யாரோ கேட்டார்கள். நாடுகளுக்கு நடுவே வர்த்தகத்தில் தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பு என்று ஒன்று இருக்கிறது, அங்கே எல்லா நாடும் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும் என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மிச்சத்தையும் சொன்னான்.

"ஆனா அங்க அப்பீல் கேக்குற எடத்துல ஜட்ஜே இல்ல அங்கிள். ஒரு பெரிய நாடு ஆள் போட விடமாட்டேங்குது. மத்தவங்க திரும்பத் திரும்பக் கேட்டுட்டுத்தான் இருக்காங்க. தோத்தவன் அப்பீல் பண்ணிட்டு சும்மா ஒக்காந்துக்கலாம் லா."

மூலையில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் திருச்செல்வத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் கூச்சப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிரமிளா சிரிக்கவில்லை. உலகத்தை ஆட்டிவைக்கிறவர்கள் பிடித்துவைத்திருக்கும் வித்தையை இந்த ஆள் புக்கிட் ரோத்தானில் இருந்துகொண்டு தானாகவே கண்டுபிடித்திருக்கிறாரே என்று நினைத்தாள். ஒரு வகையில் கெட்டிக்காரர்தான்.

அந்த உலக அமைப்பைச் சீர்திருத்த வேண்டும் என்று ஜெனீவாவில் நடக்கும் ஒரு கருத்தரங்கில் பேச, சிறுதோட்டக்காரர் ஒருவரைக் கூட்டிப்போவதாகச் சரண் சொன்னான். அந்த ஆளின் சங்கம் மொத்தமும் சம்மதித்த ஒரு தீர்மானம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திருச்செல்வம் எழுந்து நின்றார். பிரமிளா அப்போதே கை தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. டிக்கெட் எடுக்கட்டும், கோட்டு தைக்கட்டும், ஊரெல்லாம் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மரம் வளர்கிற வேகத்தில் வளர்ந்த பகை அவளுடையது. அதற்கு அவசரம் தெரியாது.

பதாகை ஏறிய வாரத்தில் கூட்டம் கூடியது. திருச்செல்வம் மைக்கைப் பிடித்துத் தீர்மானத்தைப் படித்தார். எந்த ஒரு நாடும் தனியாக நின்று உலகத்தின் வாயைக் கட்டக் கூடாது, காலி இடங்களை உடனே நிரப்ப வேண்டும், தோற்றுப்போன சிறியவன் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். கடைசி வரியை அவர் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார், நடிப்பில்லை, உண்மையாகவே அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் பிரமிளாவுக்குப் பொறுக்கவில்லை. சம்மதம்தானே என்று டீச்சர் கேட்டார். பிரமிளா கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு டீச்சர். காரணத்தப் பெறகு சொல்றேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் வயிறாரச் சாப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டாள். சிவானந்தம் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை திருச்செல்வம் ஒரு கூடைப் பழத்தோடு வந்தார். சிவானந்தம் ஓடிப்போய் நாற்காலி எடுத்துப்போட்டார். ஊரைப் பற்றி, மழையைப் பற்றி, சிவானந்தத்தின் முழங்கால் வலியைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, பேச்சு முடிந்துபோன பிறகு அவர் பிரமிளாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒலகம் பூரா சொல்லியாச்சும்மா. இப்பப் போவலேன்னா நான் வெளிய தலகாட்ட முடியாது."

"கதவு அது இருக்க வேண்டிய எடத்துல இல்லயே அண்ணே."

"மாத்திட்டா?"

"மாத்துங்க. பெறகு பாப்போம்."

அவர் போன பிறகு சிவானந்தத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவு வந்துவிட்டால் உப்பு ஏறாது, இரண்டு மழைக்காலம் நன்றாகப் பெய்தால் மண் கழுவப்பட்டுவிடும், காய்ந்த மரத்தைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைக்கலாம், ஜாகா வேலையை விட்டுவிடலாம் என்று பாயில் படுத்தபடி சொல்லிக்கொண்டே போனார். அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தாள். நிலம் திரும்பி வந்தால் போதும், மனுஷன் ஜெனீவா போய்ப் படம் பிடித்துக்கொள்ளட்டும். அது மனப்பூர்வமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எக்ஸ்கவேட்டர் வந்தது. பிரமிளா வரப்பில் போய் நின்றுகொண்டாள். திருச்செல்வம் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார், அவளைப் பார்த்துக் கையசைத்தார். கதவைக் கழற்றினார்கள், சங்கிலியில் கோத்துத் தூக்கினார்கள், வாய்க்கால் ஓரமாகக் கொண்டுபோய்ப் பழைய சிமெண்டு மேடையில் பொருத்தினார்கள். லோரிப் பாலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவருக்கு அந்தப் பாலத்தில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஆட்கள் கைகழுவிவிட்டுப் பாலத்தின் மேல் உட்கார்ந்து நாசி பூங்குஸ் பொட்டலச் சோற்றைப் பிரித்தார்கள்.

இன்னும் எவ்வளவு பாக்கி என்று எக்ஸ்கவேட்டர் ஓட்டிய தனேஷிடம் கேட்டாள். அவன் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தான்.

"முடிஞ்சிருச்சுக்கா. அர நாள் வேல லா இது."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். பிரமிளா திரும்பித் தன் நிலத்தைப் பார்த்தாள். மொட்டையாக நிற்கும் மரங்கள், அடியில் வெள்ளையாகப் பூத்துக்கிடந்த உப்பு, மேலே எறும்பைப் போல ஊர்ந்துகொண்டிருந்த சின்ன நண்டுகள். இத்தனை வருடமும் அவர் பெரிதாக எதையோ காப்பாற்றிக்கொள்ளத்தான் தன்னை அழித்தார் என்று நினைத்திருந்தாள். பெரிய லாபம், பெரிய திட்டம், பெரிய பகை, ஏதோ ஒன்று. அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப்பொழுது செலவாகியிருக்கும், அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. சிவானந்தம் வரப்பின் அந்தப் பக்கத்தில் குந்தி, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் கொதித்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் இருவரும் சேர்ந்தே போனார்கள். சரண் வந்திருந்தான், தீர்மானத்தை இன்றைக்கே அனுப்பிவிட வேண்டும் என்றான். திருச்செல்வம் கல்யாண வீட்டுக்காரரைப் போல எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். கதவை மாற்றிவிட்டதை அறிவித்தார். அதோடு நிற்காமல், உலகத்துக்கு ஒன்று நமக்கு ஒன்றா, மேல்முறையீட்டுக் குழுவுக்கும் இன்றைக்கே ஆள் போட்டுவிடுவோம், எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. லெட்சுமி டீச்சர் தானே போய் மூன்று நாற்காலிகளிலும் இருந்த ஹெல்மெட்டுகளைக் கீழே இறக்கி, ஈரத் துணியால் துடைத்தார். பிறகு மூன்று பெயர்களையும் படித்தார். இத்தனை காலம் படித்துப் படித்துக் காய்ந்துபோயிருந்த அந்தக் குரலில் அன்று ஈரம் இருந்தது. தீர்மானத்துக்கும் குழுவுக்கும் எல்லோரும் சம்மதம்தானே என்று கேட்டார்.

பிரமிளா கையைத் தூக்கினாள்.

சிவானந்தம் அவள் முழங்கையைப் பிடித்தார். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எதற்கு ஆட்சேபம், தீர்மானத்துக்கா குழுவுக்கா என்று கேட்டார். ரெண்டுக்கும் டீச்சர் என்றாள். டீச்சருக்கு நிஜமாகவே புரியவில்லை. மேடையை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் வந்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"யோசிச்சுப் பாரும்மா. குழு இல்லேன்னா, நாளைக்கு இவரு கதவத் திரும்ப மாத்துனா நீ யாருகிட்டப் போய் கேப்ப?"

அது பிரமிளாவுக்குத் தெரியாததில்லை. நேற்று முழுதும் இறால் தலையைத் திருகிக்கொண்டே அதைத்தான் யோசித்தாள். திருச்செல்வம் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது, யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பதைக் கண்டவர் போல.

"அதான் மாத்திக் குடுத்துட்டேனே. இன்னும் என்ன லா வேணும் ஒனக்கு? காரணத்தச் சொல்லு."

"அர நாள் வேல அண்ணே அது," என்றாள் பிரமிளா.

சரண் கைப்பேசியைப் பார்த்தான். முழங்கையைப் பிடித்திருந்த சிவானந்தத்தின் விரல்கள் மெல்ல மெல்லத் தளர்ந்து விலகின. அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே மழை பிடித்துவிட்டது, மண்ணைக் கழுவக்கூடிய நல்ல மழை. துடைத்து வைத்த மூன்று நாற்காலிகளும் மின்விசிறிக் காற்றில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தன. ஆட்சேபத்தைச் சொல்லியாகிவிட்டது, கையை இறக்கிக்கொள்ளலாம். தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது. எத்தனை சோப்புப் போட்டும் போகாத இறால் வாடையோடு அந்தக் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.