போன வேலையிலிருந்து வந்த பெயர்

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெர்னா ஊன்றுகோலோடு வந்த முதல் நாள் அது. அமெரிக்காவின் டல்சாவில் எங்களுடையது, ஆவியை அழுத்தத்தோடு அடைத்து வைக்கும் அழுத்தக்கலன் செய்கிற பட்டறை. வடிவமைப்புக்குப் பொறுப்பேற்கத் தகுதி பெற்றவள் அவள் ஒருத்திதான். கோழிக்கறி ஆலைக்குப் போகவேண்டிய நீராவிக் கலன் தயாராக நின்றது. வாசலில் லாரி. கலன்களைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் லூதர் கையெழுத்துப் போட்டால் முத்திரை அடித்து ஏற்றிவிடலாம்.

வெர்னா கோப்பைப் புரட்டினாள். வடிவமைத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

“இதை நான் கண்ணாலயே பாக்கலையே.”

முதலாளி டுவைட் மழுப்பினார். போன வேலையின் கோப்பை நகலெடுத்தார்களாம், பெயரும் கூடவே வந்துவிட்டதாம். கணக்குப் போட்டது அவருடைய தங்கை மகன் டிரென்ட். கணினி எல்லாம் சரியென்று பச்சை காட்டியதாம். தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்த சோதனையிலும் ஒரு சொட்டு கசியவில்லையாம்.

“ஒருநாள் பச்சத்தண்ணியத் தாங்கிட்டா போதுமா? ஆலையில நாள் பூரா ஆவி ஏறி ஏறி இறங்கும். இரும்பு களைச்சு வெடிப்பு விடும்னு உன் மருமகனுக்குத் தெரியுமா?”

தெரியாது. கணினியிடம் அவன் அதைக் கேட்கவே இல்லை.

அவள் லூதரைப் பார்த்தாள். கணக்கு இருக்கிறதா, தகுதியுள்ளவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தன் வேலை என்றார் அவர். கணக்கு சரிதானா என்பது பெயர் போட்டவர் பொறுப்பு.

“கேட்டியா டுவைட்? யாராவது வெந்து செத்தா எங்கிட்டதான் வருவாங்க.”

“லாரிக்காரன் நிக்கிறான் தாயே. வேணும்னா டிரென்ட் பேரைப் போட்டுடறேன்.”

“வந்து நாலு மாசம் ஆகல. உனக்கு சாண்ட்விச் வாங்கியாரத்தான் அவனுக்குத் தகுதி.”

லூதரும் தலையை அசைத்து மறுத்தார். டுவைட்டுக்கு முகம் சிவந்தது. ஒருத்தி பெயருக்காகப் பட்டறையே நிற்க வேண்டுமா என்று கத்தினார்.

“என் பேரு வேணும், நான் வேணாம். அதானே?”

தாள் கிழியும்படி தன் பெயரைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள். எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று பதிந்திருக்கும் பட்டறையின் தரக் கையேட்டிலிருந்தும் தன் பெயரை நீக்கிவிடும்படி லூதரிடம் சொன்னாள். அந்தப் பெயர் போனால் பட்டறையின் எந்தக் கலனுக்கும் முத்திரை கிடையாது. லூதர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

டுவைட்டின் குரல் இறங்கியது. “என்னதான் பண்ணச் சொல்ற?”

“உன் மருமகனைக் கூப்பிடு. ஒருநாளைக்கு எத்தனை தரம் ஆவி விடுவாங்கன்னு ஆலைக்கு போன் பண்ணிக் கேக்கச் சொல்லு. முதல் வரியிலேர்ந்து நானே போடறேன். தேறினா என் பேரு. தேறலன்னா இது காயலான் கடைக்கு.”

லாரி காலியாகக் கிளம்பியது. யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள். டிரென்ட் வரும்வரை வெர்னா அதில் உட்காரவில்லை.