உப்பிய பேட்டரி

எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரி உப்பியிருப்பதைத் தையல்காரர் பார்த்திருந்தார். இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று வாசலருகே சார்ஜ் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அது புகைந்து சீறவும், மனைவி தூக்கி வெளியே போடப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள். அவர் ஓடிவந்து, "தொடாத, வெளிய வா," என்று அவளைப் பின்வாசல் வழியே இழுத்துப் போய், தீயணைப்புக்குப் போன் செய்தார்.

வீடு தப்பியது. ஆஸ்பத்திரியில் அவள் அண்ணன் கேட்டார்: "கெட்டுப்போன பேட்டரிய யாரு சார்ஜ்ல போட்டது?"

"நான்தாண்ணே. உப்பியிருந்தத கவனிக்கல," என்றாள் அவள்.

தையல்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இல்ல மச்சான், நான்தான். தெரிஞ்சேதான் போட்டேன்."

அவள் தண்ணீர் கேட்டாள். கட்டுப்போட்ட கையைப் பார்க்காமல், டம்ளரைத் தையல்காரரே பிடித்துக் குடிக்க வைத்தார்.